எஃப்2 அமுக்கியும் பயாஸ் வரவில்லையா? ஃபார்மட் அடிக்கும் முன் படிக்க

பழைய விண்டோஸை அழிப்பதற்கு முன் அதனிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டிய கடைசி உதவி ஒன்று உண்டு: பயாஸுக்குள் (விண்டோஸ் ஏறுவதற்கு முன் ஓடும், போர்டிலேயே பதிந்த அடிப்படை மென்பொருள்) கொண்டுபோய் விடச் சொல்வது. பலரும் இதை விட்டுவிட்டு, பவர் பட்டனை அழுத்திய கையோடு எஃப்2-வையும் டெலீட்டையும் மாறி மாறித் தட்டுகிறார்கள். "அண்ணாச்சி, அமுக்கி அமுக்கிப் பாத்தாச்சு, பயாஸ் வரமாட்டேங்கு" என்று செங்கோட்டை, தென்காசிப் பக்கத்துக் கடைகளில் கொண்டுவந்து வைக்கப்படும் லேப்டாப்புகளில் பாதிக்கு மேல் எந்தப் பழுதும் இருக்காது. தட்டுகிற நேரத்தில் கேட்பதற்கு உள்ளே ஆள் இல்லை, அவ்வளவுதான்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் யூஇஎஃப்ஐ (பயாஸின் புது வடிவம்), செக்யூர் பூட் (நம்பகமான ஓஎஸ்ஸை மட்டும் ஏறவிடும் காவல்), டிபிஎம் 2.0 (ரகசியச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புச் சிப்) மூன்றும் கேட்கும். மூன்றும் இருக்கும் இடம் பயாஸ். ஆக, முன்பு பென்டிரைவைச் செருகி வேலையை முடித்தவர்களும் இப்போது உள்ளே போய்த்தான் ஆக வேண்டும். (2012-க்குப் பின் வந்த கணினிகளில் இருப்பது பெரும்பாலும் யூஇஎஃப்ஐ. கடையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. இங்கேயும் பயாஸ் என்றே வைத்துக்கொள்வோம்.)

முதலில் ஏன் கேட்பதில்லை என்பது. விண்டோஸ் 8-லிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தால் கணினி முழுசாக அணைவதில்லை. விண்டோஸின் அடித்தளப் பகுதியை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கப் போகிறது. அடுத்த முறை அங்கிருந்தே தொடர்கிறது. இதற்கு மேல் பயாஸிலேயே 'ஃபாஸ்ட் பூட்' என்ற தனி வசதி உண்டு. அது இயக்கத்தில் இருந்தால், நேரத்தை மிச்சப்படுத்த யூஎஸ்பி கீபோர்டைத் தயார் செய்யும் வேலையைக்கூடப் பயாஸ் தள்ளிப்போடும். இரண்டும் சேர்ந்து, டிஸ்க்கும் என்விஎம்இ என்ற வேகமான எஸ்எஸ்டி வகையாக இருந்தால், உங்களுக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு நொடி. அதற்குள் கீபோர்டுக்கு உயிர் வந்திருந்தால் சரி.

பெயர்தான் குழப்பம். ஷட்டவுனைவிட ரீஸ்டார்ட்தான் முழுமையானது. ரீஸ்டார்ட் கொடுக்கும்போது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் குறுக்கே வராது. ஆகவே அணைத்துவிட்டு ஆன் செய்து தட்டுவதற்குப் பதில், ரீஸ்டார்ட் கொடுத்துத் திரை கறுத்ததும் நொடிக்கு இரண்டு தடவை வீதம் விட்டுவிட்டுத் தட்டுங்கள். அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தால் சில மாடல்கள் கீ சிக்கிக்கொண்டதாக நினைத்து 'கீபோர்ட் எரர்' காட்டும். முழுசாக அணைத்தே ஆக வேண்டுமென்றால் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ஷட்டவுனைச் சொடுக்க வேண்டும்.

இதெல்லாம் தட்டித்தான் போவேன் என்பவர்களுக்கு. தட்டாமலே போகலாம். ஸ்டார்ட் மெனுவில் பவர் குறியைத் திறந்து, ஷிஃப்ட்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட்டைச் சொடுக்குங்கள். நீலத் திரை வரும். அதில் டிரபிள்ஷூட், பிறகு அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், பிறகு யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ், பிறகு ரீஸ்டார்ட். நேராகப் பயாஸுக்குள் போய் நிற்கும். கமாண்ட் பிராம்ப்ட் பழக்கம் உள்ளவர்கள் அதை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ஷட்டவுன் கட்டளையோடு சாய்கோடு ஆர், சாய்கோடு எஃப்டபிள்யூ, சாய்கோடு டி 0 சேர்த்து அடித்தால் போதும். முதல் தடவை 203 என்ற எண்ணோடு பிழை காட்டினால் அதே கட்டளையை இன்னொரு தடவை கொடுத்துப் பாருங்கள். பல நேரம் இரண்டாவதில் போய்விடும்.

அந்த நீலத் திரையிலேயே 'யூஸ் எ டிவைஸ்' என்றொரு கட்டம் பல கணினிகளில் இருக்கும். அதைத் திறந்தால் செருகியிருக்கும் பென்டிரைவ் தெரியும், அதைத் தேர்ந்தால் அதிலிருந்தே பூட் ஆகும். புது ஓஎஸ் போட மட்டும்தான் வந்தீர்கள், செக்யூர் பூட், டிபிஎம் எல்லாம் ஏற்கெனவே சரியாக இருக்கின்றன என்றால், பயாஸுக்குள் போகும் வேலையே இல்லை. யூட்யூப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இதைத் தவறவிட்டுவிட்டு எஃப்2-வோடு மல்லுக்கட்டுவது வேடிக்கைதான்.

ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் என்ற கட்டமே பட்டியலில் இல்லையா? அப்படியானால் அந்த விண்டோஸ் பெரும்பாலும், யூஇஎஃப்ஐ-க்கு முந்தைய பழைய லெகசி முறையில் போடப்பட்டது. ரன் பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 அடித்து, வரும் பட்டியலில் பயாஸ் மோட் என்ற வரியைப் பாருங்கள். லெகசி என்று இருந்தால் விண்டோஸால் உங்களை உள்ளே அனுப்ப முடியாது, கீயைத் தட்டித்தான் போக வேண்டும். ஆனால் இந்த வரி இன்னொரு விஷயத்தையும் சொல்கிறது: டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது. விண்டோஸ் 11 போட அதை ஜிபிடி என்ற புது முறைக்கு மாற்ற வேண்டும். எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸ் 10-லேயே இருக்கிறது. உள்ளிருக்கும் ஃபைல்களை அழிக்காமல் மாற்றித் தரும். பழைய விண்டோஸ் உயிரோடு இருக்கும்போது இதைச் செய்துவிட்டால், புது விண்டோஸ் போடும்போது 'இந்த டிஸ்கில் போட முடியாது, எம்பிஆர் டேபிள் இருக்கிறது' என்ற செய்தி வராது. அந்தச் செய்தியைப் பார்த்துப் பதறி டிஸ்க்பார்ட்டில் டிஸ்க் முழுவதையும் துடைக்கும் கிளீன் கட்டளையை அடித்து, டி டிரைவில் இருந்த கல்யாண ஆல்பத்தையும் சேர்த்து அழித்துக்கொண்டவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். மாற்றிய பிறகு பயாஸில் சிஎஸ்எம் (யூஇஎஃப்ஐ பழைய பயாஸ் போல நடந்துகொள்ளும் வசதி) அல்லது லெகசி முறையை அணைத்து யூஇஎஃப்ஐ வைக்க வேண்டும். வைக்காவிட்டால் பழைய விண்டோஸ் ஏறாது.

விண்டோஸே ஏறவில்லை என்றால்? விண்டோஸ் சின்னம் தெரிந்ததும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி அடுத்தடுத்து இரண்டு தடவை. மூன்றாம் தடவை 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' என்று தானே அந்த நீலத் திரைக்கு வரும். டிஸ்க் கடகடவென்று சத்தம் போடுகிற பழைய ஹார்ட்டிஸ்க் என்றால் இதைச் செய்யாதீர்கள். அதைக் கழற்றி வேறு கணினியில் போட்டு முதலில் டேட்டாவை எடுப்பதுதான் முறை.

கேரள எல்லையின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் இரண்டிலிருந்தும் லினக்ஸ் லேப்டாப்புகள் கடைக்கு வரும். கேரளப் பள்ளிகளில் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட கைட் லினக்ஸ் ஓடுகிறது. ஆரியங்காவு, புனலூர்ப் பக்கத்து ஆசிரியர்களின் லேப்டாப்பில் பெரும்பாலும் அதுதான். தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினியில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸும் சேர்ந்து வந்தன. உபுண்டு வகையில், எந்த ஓஎஸ் என்று தொடக்கத்தில் கேட்கும் கிரப் மெனுவிலேயே யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் என்ற வரி இருக்கும். மெனு தலைகாட்டவில்லை என்றால் ஆன் ஆகும்போது எஸ்கேப்பை ஒன்றிரண்டு தடவை தட்டுங்கள். கூடுதலாகத் தட்டினால் கிரப் என்று மட்டும் எழுதிய கறுப்புத் திரையில் போய் விழும். பயப்பட ஒன்றுமில்லை, அங்கேயே எஃப்டபிள்யூசெட்டப் என்று ஒரே சொல்லாக ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டினால் பயாஸுக்குப் போய்விடும். ஆரம்ப வருடங்களில் வந்த இலவச லேப்டாப்புகள் பழைய பயாஸ் காலத்தவை. அவற்றில் இந்த வழியெல்லாம் இல்லை, கீதான்.

உள்ளே போவதற்கு முன் ஒரே ஒரு காரியம், இதைத் தாண்டிப் போகாதீர்கள். டிஸ்கைச் சங்கேதமாக்கிப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர். வீட்டு உபயோக விண்டோஸில் இதற்கு 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்று பெயர். செட்டிங்ஸில், விண்டோஸ் 11 என்றால் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பக்கத்திலும் விண்டோஸ் 10 என்றால் அப்டேட் அண்ட் செக்யூரிட்டி பக்கத்திலும் பாருங்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் பல கணினிகளில் இது தானாகவே இயங்கத் தொடங்கிவிடும், உரிமையாளருக்கே தெரிந்திருக்காது. பயாஸில் செக்யூர் பூட்டையோ டிபிஎம்மையோ மாற்றினால், அடுத்த தடவை 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு நிற்கும். அந்தக் கீ மைக்ரோசாஃப்ட் கணக்கில், அந்தக் கணினியின் பெயருக்குக் கீழே சேமிக்கப்பட்டிருக்கும். யாருடைய கணக்கு என்பதுதான் பிரச்சினை: கடையில் முதன்முதலாக ஓஎஸ் போட்டுக் கொடுத்தவரின் கணக்காகக்கூட இருக்கலாம். முன்கூட்டியே எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். 'எல்லாத்தையும் அழிக்கத்தானே போறோம், கீ எதுக்கு' என்பார்கள். நடுவழியில், மகளின் புராஜெக்ட் டெஸ்க்டாப்பில் இருந்தது நினைவுக்கு வரும்போது அந்தக் கீ இல்லாமல் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

இனி கீபோர்டு. பல லேப்டாப்புகளில் எஃப் வரிசைக்கு முதல் வேலை ஒலி கூட்டுவது, வெளிச்சம் குறைப்பது. எஃப்2 வேண்டுமானால் எஃப்என் சேர்த்து அழுத்த வேண்டும். இரண்டு விதமாகவும் முயலுங்கள். குற்றாலச் சாரல் அடிக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஈரக்காற்றில் பழைய கீபோர்டுகளின் சவ்வுத் தடம் பச்சை பிடித்து, ஒரு வரிசையே செத்துப்போவதும் உண்டு. விண்டோஸ் ஓடும்போது ஆன்-ஸ்கிரீன் கீபோர்டைத் திறந்து, எஃப் வரிசை தெரிய அதிலுள்ள எஃப்என் கட்டத்தைச் சொடுக்கிவிட்டு, கீபோர்டில் எஃப்2-வை அழுத்துங்கள். அழுத்திய கட்டம் திரையில் நிறம் மாறினால் கீ உயிரோடு இருக்கிறது. மாறாவிட்டால் வெளியிலிருந்து ஒரு வயர் கீபோர்டு செருகிக்கொள்ளுங்கள்.

வயர் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ப்ளூடூத் கீபோர்டு பெரும்பாலும் பயாஸில் வேலை செய்யாது. அசெம்பிள் செய்த சிஸ்டம் என்றால் கேபினெட்டின் முன்பக்கப் போர்ட், ஹப் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பின்பக்கம் போர்டிலேயே இருக்கும் கறுப்பு யூஎஸ்பி 2.0-இல் செருகுங்கள். பழைய போர்டுகள் சில நீல நிற யூஎஸ்பி 3.0-ஐ ஓஎஸ் வந்த பிறகுதான் எழுப்பும். ஊதா நிறப் பிஎஸ்/2 துளை இருந்தால் பழைய உருண்டை முனைக் கீபோர்டு ஒன்றை மேசைக்கடியில் போட்டுவைப்பது புத்திசாலித்தனம். ஃபாஸ்ட் பூட்டில்கூட அது பல நேரம் கைகொடுக்கும்.

சில நேரம் பயாஸ் வந்திருக்கும், திரைதான் காட்டாது. டிவியை மானிட்டராக வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும்; டிவி விழித்துச் சிக்னலைப் பிடிப்பதற்குள் பூட் தாண்டிப் போயிருக்கும். இன்னொன்று, ஜிடி 210 போன்ற பழைய கிராஃபிக்ஸ் கார்டு. சிஎஸ்எம் அணைத்திருந்தால் இந்தக் கார்டுகள் பயாஸ் திரையைக் காட்டாது, விண்டோஸ் வந்த பின்தான் படம் வரும். கார்டைக் கழற்றிவிட்டுப் போர்டில் இருக்கும் எச்டிஎம்ஐ அல்லது விஜிஏவில் மாட்டிப் பாருங்கள். இன்டெல் பிராசசரின் பெயர் எஃப் என்று முடிந்தால் அதில் கிராஃபிக்ஸ் இல்லை, இந்த வழி பலிக்காது.

எந்தக் கீ என்பது சின்ன விஷயம்தான். டெல்: எஃப்2, பூட் மெனுவுக்கு எஃப்12. எச்பி: எஸ்கேப்பைத் தட்டிக்கொண்டே இருந்து மெனு வந்ததும் எஃப்10, பூட்டுக்கு எஃப்9. திங்க்பேட் எஃப்1, ஐடியாபேட் எஃப்2, சில மாடல்களில் பக்கவாட்டில் ஊசித்துளை போல நோவோ பட்டன் இருக்கும், அணைத்த நிலையில் ஊசியால் அதைக் குத்தினால் மெனுவே வரும். ஏசஸ் லேப்டாப் எஃப்2, பூட்டுக்கு எஸ்கேப். ஏசர் எஃப்2, எஃப்12 பூட் மெனு பல மாடல்களில் அணைத்தே வரும், உள்ளே மெயின் பக்கத்தில் இயக்க வேண்டும். அசெம்பிள் போர்டுகளில் பெரும்பாலும் டெலீட்.

டெஸ்க்டாப்பில் எதுவும் பலிக்கவில்லை என்றால் ஒரு நல்ல குறுக்குவழி: எஸ்எஸ்டியின் சாட்டா கேபிளைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். பூட் செய்ய எதுவும் இல்லாததால் பல போர்டுகள் தானாகவே பயாஸில் போய் நிற்கும். உள்ளே போய் ஃபாஸ்ட் பூட்டை அணைத்து, எஃப்10 தட்டிச் சேமித்து, பவரை அணைத்துவிட்டுக் கேபிளை மாட்டிக்கொள்ளலாம்.

அதற்கும் மசியவில்லையா, தேதியையும் பயாஸ் செட்டிங்ஸையும் காக்கும் சிமாஸ் பேட்டரியைப் பாருங்கள். சிஆர்2032, மூன்று வோல்ட், ஒரு நாணயம் அளவு. தேதி 2009-க்கோ 2015-க்கோ ஓடிப்போவது, ஒவ்வொரு தடவையும் எஃப்1 தட்டச் சொல்வது, இதெல்லாம் அது தீர்ந்ததன் அறிகுறி. மல்டிமீட்டரில் புதியது 3-க்கு மேல் காட்டும், 2.8-க்குக் கீழே போனால் மாற்றிவிடுவது நல்லது. பழைய தேதியோடு புது விண்டோஸ் போட்டால் ஆக்டிவேஷனும் அப்டேட்டும் சான்றிதழ்ப் பிழை காட்டி அடம்பிடிக்கும். நெட் கோளாறு என்று நினைத்து ரவுட்டரைத் திட்டுவார்கள். செட்டிங்ஸை அழித்து ஆரம்ப நிலைக்குக் கொண்டுவர, பவர் வயரைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தி மிச்சக் கரண்டை வடித்து, போர்டில் கிளியர் சிமாஸ் என்று எழுதியிருக்கும் இரண்டு முள்ளைப் பத்து நொடி ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையால் சேர்த்துப் பிடிக்க வேண்டும். பிட்லாக்கர் கீ கையில் இருந்தால் மட்டும். ஏனென்றால் இது சாட்டா முறை, செக்யூர் பூட், சில போர்டுகளில் டிபிஎம் எல்லாவற்றையும் தொட்டுவிடும்.

பயாஸ் பாஸ்வேர்டு கேட்டால் அது வேறு கதை. பேட்டரியைக் கழற்றினால் போய்விடும் என்பது இருபது வருடத்துக்கு முந்தைய டெஸ்க்டாப் அறிவு. இன்றைய லேப்டாப்புகளில் பாஸ்வேர்டு தனிச் சிப்பில் பதிந்திருக்கிறது, கரண்ட் இல்லாவிட்டாலும் அழியாது. திங்க்பேடின் சூப்பர்வைசர் பாஸ்வேர்டை மறந்தால் போர்டையே மாற்ற வேண்டும் என்பதே லெனோவோவின் நிலைப்பாடு. கம்பெனிகள் கழித்துவிட்ட லாட்டிட்யூட், எலைட்புக், திங்க்பேடுகள் கொச்சி, சென்னை வழியாக ரீஃபர்பிஷ்டு என்று நிறைய வருகின்றன. வாங்கும் இடத்திலேயே, காசு கொடுப்பதற்கு முன், பயாஸைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். திறந்தாலும் போதாது: நெட்டை இணைத்து விண்டோஸைப் புதிதாகப் போட்டதும் ஏதோ ஒரு கம்பெனியின் பெயரைக் காட்டி அலுவலக ஐடி கேட்டால், அந்தக் கணினி ஆட்டோபைலட்டில் (கம்பெனிக் கணினிகளுக்கான மைக்ரோசாஃப்ட் சேவை) இன்னும் பதிவில் இருக்கிறது என்று பொருள். எத்தனை தடவை ஃபார்மட் அடித்தாலும் அது போகாது. விற்றவர் மூலமாக அந்தக் கம்பெனிதான் நீக்கித் தர வேண்டும்.

வளைகுடாவிலிருந்து வரும் லேப்டாப்புகளில் அரபி எழுத்து இருந்தாலும் எஃப் வரிசை அதே இடத்தில்தான். பிரெஞ்சு, ஜெர்மன் கீபோர்டு உள்ளவற்றில் மட்டும் கவனம். பயாஸ் பல நேரம் அமெரிக்கக் கீபோர்டாகவே எண்ணிக்கொள்ளும், அதனால் பாஸ்வேர்டில் பிரெஞ்சுக் கீபோர்டில் ஏ அடித்தால் க்யூவும், ஜெர்மனில் இசட் அடித்தால் ஒய்யும் விழலாம்.

உள்ளே போய்விட்டீர்கள். எதையும் தொடுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். பார்க்க வேண்டியவற்றில் அதிகம் ஏமாற்றுவது டிஸ்க் முறை. இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் பல லேப்டாப்புகளில் விஎம்டி என்ற இன்டெலின் டிஸ்க் நிர்வாக முறை இயக்கத்தில் இருக்கும். விண்டோஸ் இன்ஸ்டாலர் எஸ்எஸ்டியையே காணோம் என்று சொல்லும். எஸ்எஸ்டி செத்துப்போச்சு என்று புதியது வாங்கியவர்களும் உண்டு. வழி இரண்டு: இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை விரித்துப் பென்டிரைவில் போட்டுவைத்து, 'லோட் டிரைவர்' கொடுத்துக் காட்டலாம். அல்லது விஎம்டியை அணைக்கலாம். அணைத்த நொடியிலிருந்து பழைய விண்டோஸ் ஏறாது, ஆகவே டேட்டாவை எடுத்த பிறகு மட்டும். டிரைவர் வழியே மேல் என்பது எங்கள் கட்சி. பின்னால் பேட்டரி தீர்ந்து செட்டிங்ஸ் ஆரம்ப நிலைக்குப் போனாலும் விண்டோஸ் தடுமாறாது. ஏசரில் இந்த விஎம்டி வரி மறைந்திருக்கும். மெயின் பக்கத்தில் நின்று கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினால் வெளியே வரும்.

டிபிஎம்முக்கு இன்டெலில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்று பெயர். இயக்கினால் போதும். 'கிளியர்' என்றிருப்பதைத் தொட வேண்டாம். பயாஸ் அப்டேட் செய்யும் ஆசை வந்தால் யூபிஎஸ்ஸோ நிறைந்த பேட்டரியோ இல்லாமல் வேண்டாம். மழையும் காற்றுமாக இருக்கும் நாளில் புளியரைப் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு தடவை தெரிந்தால் முன்னால் யூஇஎஃப்ஐ என்று எழுதியிருப்பதையே எடுங்கள். தெரியவே இல்லை என்றால், விலை குறைந்த பழைய ஆட்டம் லேப்டாப்புகளில், குறிப்பாக இசட்3735எஃப் சிப் உள்ளவற்றில், பயாஸ் 32 பிட் யூஇஎஃப்ஐ. 64 பிட் பென்டிரைவ் அதன் கண்ணுக்கே படாது. 32 பிட் விண்டோஸ் 10-தான் அதற்கு முடிவு.

லைசென்ஸ் கீயைத் தேடி அலைய வேண்டாம். விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு விற்கப்பட்ட லேப்டாப்புகளில் அது பயாஸ் சிப்பிலேயே பதிந்து வருகிறது, இன்ஸ்டாலர் தானே படித்துக்கொள்ளும். முதல் ரீஸ்டார்ட் ஆனதும் பென்டிரைவைப் பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் திரும்பவும் ஆரம்பத்துக்கே வந்து நிற்கும். ஏசரில் செக்யூர் பூட் வரி மங்கலாக இருந்தால், பயாஸில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு ஒன்று வைத்த பிறகுதான் அதை மாற்ற முடியும். செக்யூர் பூட்டை இயக்கிய பிறகு, பாஸ்வேர்டு வைத்த அதே பக்கத்தில் பழைய பாஸ்வேர்டை அடித்துப் புதியதற்கான இரண்டு கட்டத்தையும் காலியாக விட்டு என்டர் தட்டினால் பாஸ்வேர்டு நீங்கிவிடும்.